வெசாக் லீவில் யாருமில்லாத கந்தோரிலிருந்து 12,316 நிமிட ஐடிடி (நேரடி வெளிநாட்டு) கோல். உதவி தேவை

கணக்கறை (புதன், இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். காலையிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. இந்த விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவு செய்து பதில் போடுங்கள்.

புறக்கோட்டையில் பிரதான வீதிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், இரண்டாம் மாடி. கப்பல் சரக்கு அனுப்பும் சிறிய கொம்பனி, பதினான்கு பேர். பதினோரு வருடமாக நான் அங்கே கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் மூடினோம், ஞாயிறு வழமையான லீவு, திங்களும் செவ்வாயும் வெசாக். இன்று காலை ஏழரைக்கு நான்தான் முதலில் போய்த் திறந்தேன். லைட் கூடப் போடவில்லை, வரவேற்பு மேசையில் இருக்கும் பெரிய போனில் நான்கு சிவப்பு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான்கு லைனும் பிஸி. உள்ளே நான் ஒருத்தி மட்டும்.

ஒரு விளக்கு அணையும், இரண்டு மூன்று செக்கனில் திரும்ப எரியும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் கட்டடத்தில் போன் வேலை பார்க்கும் பொடியன் எட்டு மணிக்கு வந்து, சுவரில் வயர் வந்து சேரும் பெட்டியில் தன் சோதனை போனைக் கொளுவிக் கேட்டுவிட்டு என்னிடம் தந்தான். ரிங் போகிற சத்தம். யாரும் எடுக்கவில்லை. அடுத்த லைனிலும் அதே. மூன்றாவதில் ஏதோ பாட்டு. சரி, யாரும் எடுக்காத கோலுக்குக் காசு இல்லைதானே என்று கொஞ்சம் ஆறுதல் பட்டேன். பொடியன் கந்தோர் போன்களை எல்லாம் இணைக்கும் பிபிஎக்ஸ் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டான்.

பத்து மணிக்குத் தொலைபேசிக் கொம்பனியிலிருந்து எடுத்தார்கள். சனி இரவு 11.40 முதல் இன்று காலை வரை 12,316 நிமிடங்கள். சோமாலியா, காம்பியா, லற்வியா, மாலைதீவு. வரியோடு 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. எங்கள் வழமையான மாத பில் 28,000 தாண்டாது.

இதைவிட என் மனதை வருத்துவது வேறொன்று. நாங்கள் மாலைதீவுக்குச் சரக்கு அனுப்புகிறோம், அதனால் முதலாளி முதலில் எங்களையே ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு லீவு நாளில் கட்டடத்தில் இருந்தவர் யார் என்று கேட்டு வாச்சர் ஐயாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அறுபத்து மூன்று வயது மனிதர். ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.

இது எப்படி நடந்தது? காசு கட்டத்தான் வேண்டுமா?

நியாயம்வேண்டும் (புதன், இரவு 9.48)

அக்கா, ஒரு சதமும் கட்டாதீர்கள். நீங்கள் எடுக்காத கோலுக்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? மாதம் 28,000 வருகிற இடத்தில் மூன்று நாளில் 11 இலட்சம் ஓடுகிறது, அது அவர்கள் கணினிக்குத் தெரியாதா? வங்கி அட்டையில் யாராவது வெளிநாட்டில் ஐம்பது டொலருக்குச் சாமான் வாங்கினால் உடனே வங்கியிலிருந்து எடுத்துக் கேட்கிறார்கள்.

லைன்காரன் (புதன், இரவு 11.05)

தங்கச்சி, முதலில் வாச்சர் ஐயாவின் விஷயம். ஒரு மனிதன் ஒரே நேரத்தில் நான்கு லைனில் கோல் எடுக்க முடியாது. வெட்டுப்பட்ட மூன்று செக்கனில் நான்கிலும் திரும்பத் திரும்ப எடுக்கவும் முடியாது. தொலைபேசிக் கொம்பனியிடம் கோல் விபரம் முழுவதையும் கேட்டு வாங்கி, ஒரே நிமிடத்தில் தொடங்கிய நான்கு கோல்களையும் பென்சிலால் வட்டமிட்டு முதலாளிக்குக் காட்டுங்கள். நாளைக்கே காட்டுங்கள். இருபத்திரண்டு வருடமாகக் கொழும்பில் பிபிஎக்ஸ் பூட்டுகிறேன், இப்படியான கேஸ்களில் ஒவ்வொரு முறையும் முதலில் அகப்படுவது வாச்சர், இல்லாவிட்டால் தேத்தண்ணி போடும் ஆள்.

இனி எப்படி நடந்தது என்று. உங்கள் பெட்டியில் எங்கேயோ இணையத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 2020 கொரோனா ஊரடங்கு நேரம் வீட்டிலிருந்து கந்தோர் போனைப் பாவிக்க வேண்டும் என்று எத்தனையோ கொம்பனிகள் அவசரமாக இணைய எக்ஸ்டென்ஷன் (இணையத்தால் வேலை செய்யும் கந்தோர் உள் இலக்கம்) போட்டுக்கொண்டார்கள். எக்ஸ்டென்ஷன் 101 என்றால் பாஸ்வேர்டும் 101. ஊரடங்கு முடிந்த பிறகு யாரும் அதைப் போய் மூடவில்லை. உலகம் முழுவதும் இரவு பகலாக, இணையப் போன்கள் பாவிக்கும் கதவான 5060ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. தட்டினால் பெட்டி பதில் சொல்லும், பிறகு 100, 101, 102 என்று ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கும். புறக்கோட்டையில் இப்படி ஒரு கொம்பனி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. திறந்திருக்கிற கதவு எதுவோ அதற்குள் போவார்கள், அவ்வளவுதான். வேறு வழிகளும் உண்டு. வொய்ஸ்மெயிலின் இரகசிய இலக்கம் 0000 அல்லது 1234 என்று இருந்தால், வெளியிலிருந்து எடுத்து அதற்குள் நுழைந்து, அந்த எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டு இலக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். பழைய பெட்டிகளில் வெளியிலிருந்து எடுத்து ஒரு குறியீட்டை அழுத்தினால் கந்தோர் லைனிலேயே வெளியே கோல் எடுக்கும் வசதி ஒன்றும் இருக்கும், முதலாளிமார் வீட்டிலிருந்து வெளிநாடு பேசுவதற்காக வைத்தது, இப்போது அது யாருக்கும் ஞாபகமில்லை, கள்ளனுக்கு மட்டும் ஞாபகம்.

காசு எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக் கோலுக்கு நீங்கள் கட்டும் காசில் ஒரு பங்கை உங்கள் தொலைபேசிக் கொம்பனி அடுத்த நாட்டுக் கரியருக்கு, அதாவது கோலைக் கடத்தும் கொம்பனிக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்கு. கடைசியில் அந்த இலக்கத்தை வைத்திருப்பவனுக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று பங்கு வரும். கள்ளன் அப்படிப் பங்கு தரும் இலக்கங்களை இணையத்தில் வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் போனிலிருந்து தன் இலக்கத்துக்கே கோல் எடுக்கிறான். அதனால்தான் நான்கு லைன், அதனால்தான் நீண்ட லீவு. அதிக நிமிடம் ஓட வேண்டும், பார்க்க ஆள் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்னக் கட்டடக்கலை நிறுவனம், 2014 மார்ச்சில் ஒரே ஒரு வார இறுதியில் 166,000 டொலர் பில். அங்கேயும் காம்பியா, சோமாலியா, மாலைதீவுதான். பாவம், அந்த நாட்டுக்காரருக்கு இதில் ஒரு பங்கும் இல்லாமல் இருக்கலாம், பல கோல்கள் அந்த நாட்டுக்குப் போய்ச் சேருவதே இல்லை, நடுவிலேயே ஒரு கரியர் பிடித்து வேறு இடத்தில் முடித்துவிடுவான்.

நீங்கள் கேட்ட ரிங் சத்தம் உண்மையான ரிங் இல்லை தங்கச்சி. கோல் எடுபட்டு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபக்கத்தில் பதிவுசெய்த ரிங் சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். 2008 நவம்பர் முதல் 2012 ஏப்ரல் வரை இப்படி 5 கோடி டொலருக்கு மேல் அடித்த ஒரு கும்பலை எஃப்பிஐ தேடியது, அமெரிக்க நீதிமன்றத்தில் அந்த வழக்கு வந்தபோது இதெல்லாம் வெளியில் வந்தது: போலி ரிங், பாஸ்வேர்ட் கேட்கும் குரல், வொய்ஸ்மெயில் செய்தி, பாட்டு, வெறும் மௌனம்.

ஒரு வேலை செய்யுங்கள். சனிக்கு முந்தின நாட்களின் கோல் விபரத்தில், நடுச்சாமத்தில் ஒரு குட்டிக் கோல் இருக்கிறதா என்று பாருங்கள். சில செக்கன் மட்டும். இருந்தால் எழுதுங்கள்.

வரவேற்புமேசை (வியாழன், காலை 6.50)

லைன்காரன் அண்ணை சொன்ன பாஸ்வேர்ட் ஒன்றுமே இல்லாமல் ஆளை வைத்தே செய்கிற விதமும் இருக்கிறது. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சுவிட்ச்போர்ட்டில் இருந்தேன், பெயர் வேண்டாம். இரவு டியூட்டி. ஒருவர் நல்ல ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, தொலைபேசிக் கொம்பனி ரெக்னீஷியன் என்றும் லைன் சோதிக்கிறேன் என்றும் சொல்லி, ஒன்பது, பூச்சியம் அழுத்திவிட்டு என்னை அங்கே மாற்றிவிடுங்கள், உங்கள் ரிசீவரை வைத்துவிடுங்கள் என்றார். ஒன்பது எங்களுக்கு வெளி லைன். அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்த நேரம், இன்னும் இரண்டு கோல் காத்திருக்கிறது, அந்த நேரத்தில் யார் யோசிப்பது? கை தன் பாட்டில் அழுத்தப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த மூத்த அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்கு முன்பு ஒருமுறை நடந்திருக்கிறது, அப்போது அவர் சம்பளத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதை அவர் ஆறு வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சுவிட்ச்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இதை ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. புடவை எப்படிக் கட்ட வேண்டும், "காலை வணக்கம்" எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் பயிற்சி உண்டு.

கணக்கறை (வியாழன், மாலை 5.30)

அண்ணை, இருக்கிறது.

அதற்கு முந்தின வியாழன், அதிகாலை 2.17. லற்வியா இலக்கம். 19 செக்கன். வெள்ளி அதிகாலை 2.31க்கு இன்னொன்று, காம்பியா, 8 செக்கன். இரண்டுக்கும் சேர்த்து இருநூறு ரூபாவும் இல்லை. சனி இரவு ஓடின இலக்கங்களைப் பார்த்தேன், கடைசி இரண்டு இலக்கம்தான் வேறு.

வட்டமிட்ட தாளை முதலாளியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "சரி" என்றார். வாச்சர் ஐயாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

லைன்காரன் (வியாழன், இரவு 8.15)

அதுதான் சோதனைக் கோல். இலக்கம் வேலை செய்கிறதா, உங்கள் லைனில் அந்த நாட்டுக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கிறான். பங்கு தரும் தளங்களே சோதனைக்கென்று இலவச இலக்கங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல்களைத் திரட்டிப் பார்த்தால் எந்த லைனில் அடி விழப்போகிறது என்று முன்கூட்டியே பிடிக்கலாம் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், மோசடித் தடுப்பு வேலை செய்பவர்கள் உண்மையில் அப்படித்தான் பிடிக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு முழு நாள் இருந்திருக்கிறது. தொலைபேசிக் கொம்பனிக்கும்தான்.

நியாயம்வேண்டும் (வியாழன், இரவு 8.32)

கடைசி வரியைத்தான் நான் நேற்றே சொன்னேன்! நட்டம் வாடிக்கையாளன் தலையில் விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் அவர்கள் இதை நிறுத்த மாட்டார்கள். கோல் கூடக் கூட அவர்களுக்கும் வருமானம்தானே.

லைன்காரன் (வியாழன், இரவு 9.10)

தம்பி, கோபம் நியாயம், கடைசி வசனம் பிழை. அவர்கள் அடுத்த கரியருக்கு டொலரில் கட்ட வேண்டும், நீங்கள் கட்டாவிட்டால் அது அவர்களுக்கே நட்டம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சோதனைக் கோலை விடுங்கள், சனி இரவு முதல் ஒரு மணித்தியாலத்திலேயே மாத பில்லில் பாதி ஓடியிருக்கும். அப்போதே ஐடிடியை வெட்டி எடுத்துச் சொல்ல ஒரு கணினி போதும்.

அதே நேரம் பெட்டி எங்களுடையது, பாஸ்வேர்டும் எங்களுடையது. இருபத்திரண்டு வருடத்தில் நான் போய்ப் பார்த்த கந்தோர்களில் "இந்தப் பெட்டிக்குப் பொறுப்பு யார்?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏசிக்குப் பொறுப்பான ஆள் இருக்கிறார், தண்ணீர்ப் போத்தலுக்கு இருக்கிறார். பெட்டி பூட்டின ரெக்னீஷியன் மத்திய கிழக்குக்குப் போயிருப்பான், பாஸ்வேர்ட் அவனோடு போயிருக்கும்.

கறுப்புக்கோட் (வெள்ளி, காலை 10.40)

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியான ஒப்பந்தங்களில் வழமையாக "உங்கள் லைனிலிருந்து போகும் எல்லாக் கோலுக்கும் நீங்களே பொறுப்பு" என்று ஒரு வாசகம் இருக்கும். அதனால் பேசாமல் கட்டாமல் இருந்துவிடுவது நல்லதல்ல, லைனை வெட்டிவிட்டு வழக்குப் போடுவார்கள். பில்லை எழுத்தில் மறுக்க வேண்டும், எந்தத் தொகையை மறுக்கிறீர்கள் என்று சொல்லி, வழமையான பாவனைக்கான காசை மட்டும் கட்டி. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம், பிபிஎக்ஸும் கணினிதான் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆகவே பொலிஸ் முறைப்பாடு கட்டாயம். கள்ளன் பிடிபடுவான் என்பதற்காக இல்லை. திகதியோடு ஒரு முறைப்பாட்டு இலக்கம் கையில் இருந்தால்தான் தொலைபேசிக் கொம்பனியோடும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவோடும் பேச முடியும்.

வேகம் முக்கியம். கரியர்களுக்கிடையில் கணக்குத் தீர்ப்பது உடனுக்குடன் நடப்பதில்லை, அதற்குள் மோசடி என்று அறிவித்தால் காசை நிறுத்தி வைக்கச் சில ஒப்பந்தங்களில் இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 சட்டத் திருத்தத்தில், மோசடி என்றால் அப்படிப்பட்ட இலக்கங்களைத் தடுக்கவும் கரியருக்குப் போகும் காசை நிறுத்தி வைக்கவும் ஒழுங்குபடுத்துநருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். எனக்கு அது சரியான இடத்தில் கை வைத்த சட்டமாகத் தெரிகிறது. காசு போய்ச் சேராது என்றால் இந்தத் தொழிலே இல்லை.

அந்தக் காசு எங்கே போகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. 2011 நவம்பரில் மணிலாவில் நால்வரைப் பிடித்தார்கள், அமெரிக்காவின் ஏடி அன்ட் டி வாடிக்கையாளர்களின் தொலைபேசி முறைமைகளுக்குள் நுழைந்தவர்கள், நட்டம் கிட்டத்தட்ட 20 இலட்சம் டொலர். பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுத்த ஒருவருக்கு அந்தக் காசு போனது என்று பிலிப்பைன்ஸ் பொலிஸ் சொன்னது.

குறியீட்டுத்தம்பி (வெள்ளி, பகல் 1.15)

பிபிஎக்ஸ் இல்லாதவர்கள் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன மென்பொருள் குழு, ஒன்லைன் கடை ஒன்றுக்குச் செயலி செய்து கொடுத்தோம். கணக்குத் திறக்க ஓடிபி (ஒருமுறை மட்டும் பாவிக்கும் குறியீடு) எஸ்எம்எஸ்ஸில் போகும். ஒரு இரவு ஒரே மாதிரியான வெளிநாட்டு இலக்கங்கள் ஆயிரக்கணக்கில் வந்து "ஓடிபி அனுப்பு" என்ற பொத்தானை அழுத்தியிருக்கின்றன. ஒருவரும் உள்ளே வரவில்லை, எஸ்எம்எஸ் மட்டும் போயிருக்கிறது, கோலைப் போல அதிலும் பங்குதான் குறி. காலையில் முன்பணமாகப் போட்டு வைத்திருந்த கணக்கு பூச்சியம். கொழும்புக்குள் மட்டும் சாமான் விநியோகிக்கும் கடை அது, ஏன் வெளிநாட்டு இலக்கத்தை விட்டோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, பூட்டி வைக்கத் தோன்றவில்லை.

பெரிய இடங்களும் விழுந்திருக்கின்றன. போலி ஓடிபி எஸ்எம்எஸ்களால் ட்விட்டருக்கு வருடத்துக்கு 6 கோடி டொலர் போகிறது என்று 2022 டிசம்பரில் ஈலோன் மஸ்க் சொன்னார், அடுத்த மார்ச் 20ஆம் திகதியிலிருந்து காசு கட்டாதவர்களுக்கு எஸ்எம்எஸ் பாதுகாப்பையே நிறுத்தினார்கள். அதற்கு முன் 2016இல் ஆர்ன் ஸ்வின்னன் என்ற பெல்ஜிய ஆய்வாளர், இன்ஸ்டகிராம், கூகுள், மைக்ரோசொஃப்ட் மூன்றையும் உயர் கட்டண இலக்கத்துக்குக் கோல் எடுக்க வைக்கலாம் என்று காட்டினார். குறியீட்டைக் குரலில் சொல்ல எடுப்பார்கள் இல்லையா, அந்தக் கோல்தான்.

கெய்சர்வீதி (வெள்ளி, பகல் 2.05)

எங்கள் கடையில் மிஸ்ட் கோல். ஒரு ரிங், வெட்டு. கடைப் பொடியன் ஓடர் தரும் ஆள் என்று நினைத்துத் திரும்ப எடுத்தான், "தயவு செய்து காத்திருங்கள்" என்று ஒரு பெண் குரல், அவன் மரியாதையாகப் பதினெட்டு நிமிடம் காத்திருந்தான். ஜப்பானில் தொடங்கியதாம், "வன்கிரி" என்பது பெயர், ஒரு ரிங்கில் வெட்டுவது என்று பொருள். இப்போது கடை போனில் ஐடிடி இல்லை. வெளிநாட்டுக்குப் பேச வட்ஸ்அப் இருக்கிறது.

லைன்காரன் (வெள்ளி, இரவு 9.40)

கெய்சர்வீதி சொன்ன கடைசி வரிதான் பாதி மருந்து. கந்தோரில் யார் இன்று சாதாரண லைனில் வெளிநாட்டுக்குப் பேசுகிறார்கள்? ஐடிடியை பெட்டியில் பூட்டினால் போதாது, கள்ளன் பெட்டிக்குள் வந்துவிட்டால் அந்தப் பூட்டையும் திறப்பான். தொலைபேசிக் கொம்பனிக்குக் கடிதம் கொடுத்து அவர்கள் பக்கத்தில் பூட்ட வேண்டும். கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு லைனில் மட்டும் வைத்து, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று எல்லை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இணைய எக்ஸ்டென்ஷன் தேவையில்லை என்றால் ரவுட்டரில் அந்தக் கதவை மூடுங்கள், தேவை என்றால் விபிஎன் என்ற பூட்டிய தனி வழி ஊடாக மட்டும். பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் இலக்கமாக வேண்டவே வேண்டாம். அஸ்டெரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் பாவிக்கிறவர்கள் ஃபெயில்டுபேன் போடுங்கள், நாலு முறை பிழையாகத் தட்டினவனைத் தானே தடுத்துவிடும். விலகிப் போனவர்களின் எக்ஸ்டென்ஷனையும் வொய்ஸ்மெயிலையும் அழியுங்கள், அவற்றைத்தான் முதலில் தேடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு போயா லீவுக்கும் முதல் நாள் அந்தக் கிழமையின் கோல் விபரத்தை ஒருவர் ஐந்து நிமிடம் பார்க்கட்டும், இரண்டு மணி மூன்று மணிக்குப் போன குட்டிக் கோல்களை மட்டும். இந்தக் கடைசி வேலைக்கு ரெக்னீஷியன் தேவையில்லை.

கணக்கறை (மூன்று கிழமைக்குப் பிறகு, வியாழன், இரவு 8.00)

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

கறுப்புக்கோட் சொன்னபடி எழுத்தில் மறுத்தோம், பொலிஸ் முறைப்பாடும் ஆணைக்குழுவுக்குக் கடிதமும் கொடுத்தோம். பேசிப் பேசித் தொகையில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறார்கள், மீதியைப் பத்து மாதத் தவணையில் கட்டச் சொல்கிறார்கள். முதலாளி ஒத்துக்கொண்டார். நியாயம்வேண்டும் தம்பிக்கு இது பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் லைன் இல்லாமல் சரக்கு வேலை நடக்காது.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். எக்ஸ்டென்ஷன் 108. 2020இல் முதலாளியின் மகனுக்காகப் போட்டது, அவர் இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். பாஸ்வேர்ட் 108. மூடியின் உள்பக்கத்தில் ஒரு டேப் துண்டு ஒட்டி, பெட்டியின் பிரதான பாஸ்வேர்டும் பேனாவால் எழுதியிருந்தது. அதுவும் 1234.

முதலாளி வாச்சர் ஐயாவை மேலே கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்டார். ஐயா "பரவாயில்லை மாத்தயா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். அன்று பின்னேரம் போகும்போது நான் அவரிடம் நின்று கொஞ்சம் கதைத்தேன். மூன்று இரவு வீட்டில் நித்திரை கொள்ளவில்லையாம், ரெலிபோனில் கை வைத்ததே இல்லையென்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

இன்னொன்று. எங்கள் பெட்டியைப் பூட்டின அதே ஆள்தான் நான்காம் மாடியில் இருக்கும் காப்புறுதி முகவர் கந்தோருக்கும் பூட்டியிருக்கிறார். அங்கே கணக்குப் பார்க்கும் பிள்ளையிடம் இந்த மாதக் கோல் விபரத்தை எடுக்கச் சொன்னேன். இருவரும் படிக்கட்டில் இருந்துகொண்டே பார்த்தோம். நேற்று அதிகாலை 2.44, லற்வியா, 11 செக்கன்.

வரும் செவ்வாய் பொசன் போயா லீவு. இன்று மத்தியானமே கடிதம் கொடுத்து ஐடிடியை வெட்டிவிட்டார்கள்.